வவுனியா – கிளிநொச்சி பேருந்துச் சேவை: இருக்கைக்குப் புள்ளி உண்டு, இறங்குமிடத்துக்கு இல்லை

ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஓடும் சாதாரண பேருந்துச் சேவைக்குப் புள்ளியிடச் சொன்னால், ஓடுகின்ற நேரத்துக்கு நல்ல புள்ளியும், நிற்கின்ற நேரத்துக்கு மிகக் குறைந்த புள்ளியுமே என்னால் இட முடியும். பேருந்துகளை விமர்சிப்பவர்கள் பெரும்பாலும் இருக்கை, கட்டணம், நேரம், நடத்துநரின் வாய்ச்சொல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுப் படலையிலிருந்து புறப்பட்டு, போகவேண்டிய இடத்தின் வாசலை அடையும் வரையுள்ள முழுத் தூரத்தையும் சேவையாகக் கொண்டால் கணக்கு வேறாகிவிடுகிறது. போகும்போது வீதியின் ஒரு பக்கத்தில் ஏறுபவர், திரும்பும்போது மறுபக்கத்தில்தான் இறக்கப்படுகிறார். ஆகவே வீதியோரக் கிராமத்தில் குடியிருக்கும் எவரும், போய்வரும் ஒவ்வொரு பயணத்திலும், வீட்டுப் பக்கத்தில் ஒரு தடவையும் போன இடத்தில் ஒரு தடவையும் ஏ9 வீதியைக் குறுக்கே கடந்தே ஆக வேண்டும். பயணச்சீட்டில் அச்சிடப்படாவிட்டாலும் அவ்வாறு கடப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியைப் பற்றி எவரும் பொறுப்பெடுப்பதில்லை என்பதே இச்சேவை மீதான என் முதன்மையான குறை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 75 கிலோமீற்றர் நீளமான இந்தத் தடத்தில் பகல் வேளையில் பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் மாறிமாறி ஓடுகின்றன. அவற்றோடு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடும் 87ஆம் இலக்கப் பேருந்துகளும் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்கின்றன. போருக்குப் பின் மீளமைக்கப்பட்ட வீதி பெரும்பாலும் குலுக்கமின்றி இருக்கிறது. 2002இல் திறக்கப்பட்டு 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட இதே வீதியில், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதிகளோடு வரிசையில் நின்றவர்களுக்கு இன்றைய பயணம் சொகுசாகவே தோன்றும். கட்டணமும் தூரத்துக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்டதாகையால் பேரம் பேசும் தேவை இல்லை. மிச்சக் காசு சில வேளைகளில் மறதிக்குள் போய்விடும் என்பதை இங்கே பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை, கேட்டால் தருகிறார்கள்.

ஆயினும் சேவை தொடங்கும் இடமாகிய வவுனியாவிலேயே நடப்பவருக்குச் சோதனை ஆரம்பமாகிவிடுகிறது. 2025 மே மாதத்தில் மாநகர சபையாகத் தன் முதலாவது தேர்தலைக் கண்ட நகரம் இது. ஆனால் மாநகரம் என்ற தரத்துக்கு உரிய நடைபாதை மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியிலும் பசார் வீதியிலும் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. இருக்கும் இடங்களிலும் கடைக்காரரின் வாளிகளும் பாய்களும் விளம்பரத் தட்டிகளும் அரைவாசியைப் பிடித்துக்கொள்ள, மீதியில் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்படுகின்றன. நடப்பவர் வடிகால் மூடியின் விளிம்பில் கால்வைத்து நடக்கிறார், அல்லது வீதிக்குள் இறங்குகிறார். வீதிக்குள் இறங்கினால் முச்சக்கரவண்டிச் சாரதி ஒலியெழுப்பி, இது உனக்குரிய இடமல்ல என்று உணர்த்துகிறார். அவர் சொல்வதும் ஒருவகையில் சரியே. உரிய இடம் எது என்ற கேள்விக்குத்தான் நகரத்தில் விடை இல்லை.

பேருந்து நிலையம் பற்றியும் ஒரு சொல். நகரின் நடுவிலிருந்த பழைய நிலையத்துக்கு மாற்றாக, ஏ9 வீதியோரம் கட்டப்பட்ட புதிய நிலையம் 2017இல் திறந்துவைக்கப்பட்டது. எந்த நிலையத்திலிருந்து யார் ஓடுவது என்பதில் போக்குவரத்துச் சபை ஊழியர்களுக்கும் தனியார் உரிமையாளர்களுக்கும் இடையில் இழுபட்ட தகராறை வவுனியா மக்கள் நன்கறிவர். அந்தத் தகராறின் நியாயங்களுக்குள் நான் போகவில்லை. ஒரு கட்டடமாகப் பார்த்தால் புதிய நிலையம் விசாலமானது. பேருந்துகள் வீதிக்கு வெளியே நின்று ஆட்களை ஏற்றி இறக்குவதால், அங்கே ஏறும் பயணி வீதியோரத்தில் நின்று கைகாட்ட வேண்டியதில்லை. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் நிலையத்தை நகரத்தின் நடுவிலிருந்து வெளியே நகர்த்தும்போது, ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் போவோர் எப்படி அங்கிருந்து நடந்து போவார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட்டிருக்க வேண்டும். நடைபாதையும் நிழலும் இல்லாத வீதியில் நண்பகல் வெயிலில் பொதி சுமந்து நடக்க எவரும் விரும்புவதில்லை. ஆகவே பலர் நிலையத்துக்கு வராமலே வழியில் நின்று மறித்து ஏறுகிறார்கள். பேருந்துகளும் நின்று ஏற்றுகின்றன. நிலையம் தந்த பாதுகாப்பு அந்த இடத்திலேயே கைநழுவிப் போகிறது.

ஏறுவது பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. நம் வீதிகளில் ஓடும் பெரிய பேருந்துகளுட் பல, லொறியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட உடல்களைக் கொண்டவை. அதனால் தளம் உயரமாகவும் முதற்படி நிலத்திலிருந்து வெகுவாக எழும்பியும் இருக்கும். போரில் கால் இழந்து செயற்கைக் கால் பொருத்தியவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படி நாள்தோறும் ஏறவேண்டிய மதில். கைபிடியைப் பற்றி உடம்பை மேலே இழுப்பதற்குள் வண்டி நகரத் தொடங்கிவிட்டால், பிடியை விடுவதா இறுக்குவதா என்று முடிவெடுக்கக்கூட அவகாசம் கிடைக்காது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வெளியான அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகளும் நாட்டில் இருக்கின்றன. நான் பயணம் செய்த பேருந்துகளில், முன்வாசலருகே ஒதுக்கப்பட்ட ஆசனத்துக்கு அப்பால் அந்தச் சட்டத்தின் தடயம் எதையும் காணவில்லை. தாழ்தளப் பேருந்து நாளைக்கே வந்துவிடாது என்பது விளங்குகிறது. தரிப்பிடத்தில் ஒரு சாண் உயரமான சீமெந்து மேடை கட்டுவதற்கும், பயணி இரு கால்களையும் உள்ளே வைத்த பிறகு ‘றைட்’ சொல்வதற்கும் தாழ்தளப் பேருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வவுனியாவை விட்டு வெளியேறிய பின், தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று வரும் தரிப்புகளில்தான் இந்தச் சேவையின் உண்மையான முகம் தெரிகிறது. சில இடங்களில் நிழற்குடை இருக்கிறது. பேருந்து அதன் முன்னே நிற்பதில்லை, சற்றுத் தள்ளி மரநிழலில் நிற்கும். சில இடங்களில் பேருந்து ஒதுங்குவதற்கென வீதியோரம் அகலமாக்கப்பட்டிருக்கிறது. அங்கே லொறி ஒன்று ஏற்கெனவே நிற்கும். ஆகவே பேருந்து வீதியின் மேலேயே நிற்க, இறங்கிய பயணி அதன் முன்பக்கமாக வந்து மறுபக்கம் போக எத்தனிக்கிறார். மிகவும் ஆபத்தான நேரம் அதுதான். பேருந்தின் முகப்பு அவரை மறைக்கிறது. பின்னால் வந்த வாகனம், நிற்கும் பேருந்தை முந்திச் செல்ல வலப்பக்கம் எடுக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் காணும்போது இடையில் சில மீற்றர்களே எஞ்சியிருக்கும். பேருந்து போன பிறகு கடந்தால் இரு திசையும் தெளிவாகத் தெரியும். தரிப்பிடத்தை பாதசாரிக் கடவைக்கு முன்னால் அமைக்காமல், கடவையைத் தாண்டியதும் அமைத்தால், இறங்கியவர் இயல்பாகவே பேருந்தின் பின்பக்கமாகக் கடப்பார். இது பெருஞ் செலவு பிடிக்கும் காரியமல்ல. வெள்ளைப் பூச்சும் ஒரு பலகையும் போதும்.

இந்த வழியில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றின் நடத்துநரை இவ்விடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். கனகராயன்குளத்தில் ஒரு வயோதிபப் பெண்ணை இறக்கியவர், அவருடைய உரப்பையை வீதியோரத்தில் வைத்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்கோ அம்மா, பஸ் போகட்டும், பிறகு கடவுங்கோ” என்று சொன்னார். பின்னர் ஏதோ நினைத்தவராய்ச் சாரதியைக் காத்திருக்கச் சொல்லி, இருபக்கமும் கையைக் காட்டி வாகனங்களை மறித்து, அவரைக் கடத்திவிட்டே திரும்பி வந்து ஏறினார். பேருந்துக்குள் ஒருவர் நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பையும் சேர்த்தே இச்சேவையை மதிப்பிட வேண்டும். அவசரம் சாரதியின் காலில் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது.

வேகத்தைச் சற்றுக் கணக்குப் பார்த்தால் அந்த நடத்துநர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். இருவழிப் பாதையின் அகலம் ஏழு மீற்றர் எனக் கொள்வோம். நல்ல கால்களோடு நடப்பவர் அதை ஆறு விநாடிகளில் கடந்துவிடுவார். முழங்கால் நோவுள்ள முதியவருக்கு ஒன்பது விநாடிகள் வேண்டும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்த ஒன்பது விநாடிகளில் 175 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். அதாவது, அவர் முதல் அடியை எடுத்துவைக்கும்போது வெறும் புள்ளியாகத் தெரிந்த வாகனம் அவர் மறுகரை சேருமுன் அவர்மேல் வந்துவிடும். குடியிருப்புப் பகுதியில் 50 கிலோமீற்றர் என்பதே சட்டம் விதித்த எல்லை. அந்த வேகத்தில்கூட, சாரதி கண்டு, உணர்ந்து, தடுப்பை மிதித்து நிறுத்துவதற்குள் காய்ந்த வீதியில் ஒரு கார் ஏறத்தாழ 28 மீற்றர் ஓடியிருக்கும். ஆட்கள் நிறைந்த பேருந்துக்கு அதைவிடக் கூடுதலான தூரம் வேண்டும். 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் காருக்கு 13 மீற்றரே போதும். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று 2020இல் வெளியான ஸ்டொக்ஹோம் பிரகடனம் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டதற்கு இந்த வேறுபாடே அடிப்படை. மாங்குளம் சந்தியிலும் புளியங்குளம் சந்தியிலும் 30 கிலோமீற்றர் என்று பலகை நட்டால் நம் சாரதிகள் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பலகையோடு வேகத்தடுப்பையும் சேர்த்து அமைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

முறிகண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையாரைக் கும்பிடாமல் இவ்வழியால் போகும் வாகனம் அரிது. கற்பூரமும் தேங்காயும் கச்சானும் தேநீருமாக எந்நேரமும் கலகலப்பான இடம். வாகனங்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும் இடமாகையால் பாதுகாப்பானது என்று தோன்றும்; அரைவாசி உண்மை. கோயிலில் நிற்காமல் போகும் சில வாகனங்கள் நிற்பவற்றை வளைந்து முந்திப் போகின்றன. கோயிலுக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தப்பட்ட பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள், கச்சான் கடையைக் கண்டதும் வீதியைப் பார்ப்பதில்லை. தரிப்பு நேரம் குறைவு என்பதால் பெரியவர்களும் ஓடித்தான் வருகிறார்கள்.

வன்னிக்கே உரிய தொல்லைகள் சில இருக்கின்றன. காலபோக அறுவடைக் காலத்தில் வீதியோரங்களில் நெல் காயப் போடப்படுகிறது. காய வேறு தளம் இல்லாத விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நெல் பரப்பிய ஓரத்தில் நடக்க முடியாத பாதசாரி வீதிக்குள் தள்ளப்படுகிறார், பேருந்தும் ஓரத்துக்கு ஒதுங்காமல் நடுவிலேயே நிற்கிறது. அந்தி சாய்ந்ததும் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியின் சூட்டை நாடி வந்து படுத்துக்கொள்கின்றன. அவற்றை விலக்கி வளைக்கும் வாகனத்துக்கு வீதியோரத்தில் நிற்பவர் தெரிவதில்லை. பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும், மணலும் கிரவலும் ஏற்றி இரவோடிரவாக ஓடும் டிப்பர்களும் இதே வீதியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. நகரங்களை விட்டு வெளியேறினால் தெரு விளக்கும் அரிதாகிவிடும். இரவில் இறங்க நேரிட்டால் கைப்பேசியின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, வெளிர்நிற உடையோடு நிற்பதைத் தவிர வேறு காப்பு இல்லை.

காலை வேளையில் இந்தப் பேருந்துகளைப் பிள்ளைகளோடு பார்த்தால்தான் முழுக் கதையும் விளங்கும். மாணவருக்கான பருவச்சீட்டு சபையின் பேருந்துகளில் மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே வெள்ளைச் சீருடையோடு நிற்கும் பிள்ளைகள், முன்னே வரும் தனியார் பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். வந்த பேருந்து நிறைந்திருந்தால், அல்லது நிறைந்திருப்பதாகச் சாரதி எண்ணினால், வேகத்தைக் குறைக்காமலே போய்விடுகிறது. பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். ஓடும் பிள்ளைக்கு வீதி எது, கரை எது என்று தெரியாது. 2005இல் தொடங்கப்பட்ட ‘சிசு செரிய’ மாணவர் சேவையை இந்தத் தடத்தின் சிறிய கிராமங்கள்வரை நீட்டினால், பாதசாரிப் பாதுகாப்புக்கென ஒதுக்கும் பணத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு இருக்க முடியாது என்பது என் கருத்து.

இறுதியில் கிளிநொச்சி. அறிவியல்நகர், இரணைமடுச் சந்தி, 155ஆம் கட்டை, டிப்போ சந்தி, கரடிப்போக்கு என்று நகரம் முழுவதும் ஏ9 வீதியின் இருமருங்கிலும் நீண்டு கிடக்கிறது. ஊருக்குள் வீதி செல்கிறது என்பதைவிட, வீதியில் ஊர் கோக்கப்பட்டிருக்கிறது என்பதே பொருத்தம். பல்கலைக்கழக மாணவர், சந்தைக்கு வருவோர், வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் வருவோர் யாவரும் யாழ்ப்பாணத்துக்கு விரையும் வாகனங்களுக்கு நடுவே வீதியின் இருபக்கமும் போய்வர வேண்டியிருக்கிறது. கடவைகள் இருக்கின்றன, பொலிஸார் நிற்கும் நேரத்தில் அவை நன்றாகவே இயங்குகின்றன. அவர்கள் இல்லாத நேரத்தில், கடவையில் பாதசாரிக்கே முன்னுரிமை என்ற சட்டம், காலை முன்வைக்கத் துணிந்தவருக்கு மட்டும் பயன்படும். ஒரு வாகனம் நின்று வழிவிட, அதன் பக்கத்தால் மோட்டார் சைக்கிள் ஒன்று நுழைந்து முந்துவதை அங்கே காணாத நாள் குறைவு.

இவற்றையெல்லாம் சாரதிகளின் குணக்கேடாகச் சுருக்கிவிடுவது நியாயமல்ல. தனியார் பேருந்தில் சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வரும்படி அன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னால் போகும் பேருந்து ஏற்றிவிட்ட பயணி தமக்குக் கிடைக்கமாட்டார். ஆகவே சில இடங்களில் ஊர்ந்தும் சில இடங்களில் பறந்தும் ஓடுகிறார்கள். நிலையத்தை விட்டு மெல்ல நகரும் பேருந்து, பின்னால் போட்டிப் பேருந்து தலைகாட்டியதும் வேறு வாகனமாகிவிடுகிறது. சபைக்கும் தனியாருக்கும் இணைந்த நேர அட்டவணை ஒன்றை ஒழுங்காக நடைமுறைப்படுத்தி, நேரக்கணிப்பாளர் வவுனியாவில் மட்டுமன்றி மாங்குளத்திலும் நேரம் பதிந்தால், இந்த ஓட்டப்போட்டி பெருமளவு குறையும். சாரதிக்கு அறிவுரை சொல்வதைவிட அவர் ஓடவேண்டிய காரணத்தை எடுத்துவிடுவது மேல்.

ரயிலை ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிவரையும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரையும் மீண்ட வடக்கு ரயில் பாதை, வீதியைக் கடக்கும் தொல்லை பலவற்றைத் தவிர்க்கிறது, இருக்கையும் வசதியானது. ஆனால் ஒரு நாளில் ஓடுபவை மிகச் சில. அன்றாட வேலைக்குப் போய்வருவோருக்கு அது பேருந்தின் இடத்தை நிரப்பாது.

ஆகவே, வவுனியாவில் ஏறி கிளிநொச்சி நகரில் இறங்கும் உடல்வலுவுள்ள ஒருவருக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இடையிலுள்ள கிராமங்களில் இறங்குவோர், குறிப்பாக முதியவர்களோடும் சிறுபிள்ளைகளோடும் செல்வோர், நெடுந்தூரப் பேருந்துகளைத் தவிர்த்து, நிலையத்திலிருந்து புறப்படும் உள்ளூர்ப் பேருந்தையே எடுக்க வேண்டும். தூரப் பேருந்துகள் இடையில் நிற்பதை ஒரு தண்டனையாகவே கருதுகின்றன. முன்வாசலுக்கு அருகில் அமர்ந்து, இறங்குவதற்கு ஒரு தரிப்பு முன்னதாகவே ‘இறக்கம்’ சொல்லிவிட்டால் வண்டி முழுமையாக நிற்கும் வாய்ப்பு அதிகம். போகவேண்டிய இடம் எதிர்ப்பக்கத்தில் இருந்தால், என் தாயாரோடு போகும் நாட்களில் நான் வழியில் இறங்குவதில்லை. நகரம்வரை போய், அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடித்து, வீட்டு வாசலிலேயே இறங்கிக்கொள்கிறோம். அந்தக் கூலி பேருந்துக் கட்டணத்தை விடக் கூடுதலாகவே வருகிறது; இச்சேவையின் விலை என்ன என்று எவரும் கேட்டால், இரண்டையும் கூட்டித்தான் சொல்கிறேன்.